கட்டிக் கிடந்த குதிரை
(நெடுநாள் ஓடாத பழைய ஸ்கூட்டரைச் சீர்ப்படுத்தும் முறை)

திண்டுக்கல் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய ஸ்கூட்டர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். தாத்தா அலுவலகம் சென்றுவந்த வண்டியாக அது இருக்கும். விற்கவும் மனமில்லை, ஓட்டவும் ஆளில்லை. கல்லூரிக்குச் செல்லும் பேரனோ பேத்தியோ அதைக் கேட்டால், "எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, புது வண்டி மாதிரி. பெட்ரோல் ஊற்றினால் போதும்" என்பார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூட்டுக்குப் பெயர் பெற்றது நம் ஊர். 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. நாள்தோறும் திறந்து மூடும் பூட்டு எளிதாகத் திறக்கும். பரணில் போட்டுவைத்த பூட்டோ சாவிக்கு மசியாது. வண்டியின் கதையும் இதுவே. ஓட்டத்தால் வரும் தேய்மானம் ஒன்று. ஓடாமையால் வரும் கேடு மற்றொன்று. கிலோமீட்டர் முள் முதலாவதை மட்டுமே காட்டும். இரண்டாவதைக் காட்டும் கருவி வண்டியில் இல்லை. அதை நாம்தான் தேடிக் காண வேண்டும்.

குதிரையின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக விமானப் பொறியாளர் கொராதினோ தஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா 1946இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் உரிமம் பெற்று 1960களில் பஜாஜ் நம் நாட்டில் ஸ்கூட்டர் செய்தது. உரிமம் முடிந்தபின், 1972இல் சேடக் பிறந்தது. ராணா பிரதாப்பின் குதிரைக்கு வழங்கிய பெயர் அது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மக்கள் அதை வாங்கினர். 2000களின் நடுவில் அதன் உற்பத்தி நின்றது. இன்று அதே பெயரில் ஓடுவது மின்சார வண்டி. நம் வீடுகளில் உறங்குபவற்றுள் மிகப் பல பழைய இரண்டு ஸ்ட்ரோக் சேடக்குகளே. எனவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

பலரும் முதலில் செய்வது கிக்கரை உதைப்பது. அது தவறு. ஓடாத வண்டியால் ஆபத்தில்லை. ஓடத் தொடங்கி நிற்காத வண்டியால்தான் ஆபத்து. ஆகவே டயரிலும் பிரேக்கிலும் தொடங்க வேண்டும்.

டயரின் பட்டை தேயாமல் இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. ரப்பர் வயதாலும் கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2312 என்றிருந்தால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தியது. பத்தாண்டு கடந்த டயரையும், வெடிப்புக் கண்ட டயரையும் டியூபுடன் மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. இங்கே ஓர் எச்சரிக்கை: இவ்வண்டியின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து நட்டுகளால் இணைக்கப்பட்டது. காற்றை முழுதும் இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் தெறித்துக் கையையும் முகத்தையும் தாக்கும்.

பிரேக் டிரம்மைக் கழற்றித் துருவைத் தேய்த்து, ஷூவில் எண்ணெய்க் கசிவோ கண்ணாடி போன்ற பளபளப்போ உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிரேக், கிளட்ச், கியர் வயர்கள் உறைக்குள் துருப்பிடித்திருக்கும். அவற்றைப் புதிதாக மாற்றுவதே நலம். செலவும் சிறிது. கால் வைக்கும் தளத்தைக் கீழிருந்து ஆராய்வதும் இன்றியமையாதது. சேடக்குக்குத் தனிச் சட்டம் கிடையாது. இரும்புத் தகட்டு உடலே சட்டம். அது அரித்துப்போயிருந்தால் மற்ற வேலை அனைத்தும் வீண்.

பெட்ரோல் வழி

நெடுநாள் தேங்கிய பெட்ரோலில் ஆவியாகக் கூடிய பகுதி போய்விடும், எஞ்சுவது பிசின். அது கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துவிடும். தற்காலப் பெட்ரோலில் வேறொரு சிக்கலும் உண்டு. இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் டேங்கைத் துருவாக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் கெடுக்கும். ஆகையால் பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில் நெருப்புக்கு எட்டாமல் இறக்கி, டேங்கைக் கழுவி, பெட்ரோல் டேப், குழாய், கார்புரேட்டர் வாஷர்கள் ஆகியவற்றை மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்ய வேண்டும்.

எண்ணெய் இரண்டு

இவ்வண்டியில் எண்ணெய் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. பழையதை வடித்து, ஏறத்தாழ கால் லிட்டர் எஸ்.ஏ.இ. 30 ஊற்ற வேண்டும். பிஸ்டனுக்கும் அதன் பேரிங்குகளுக்கும் உயவு தருவது பெட்ரோலில் கலந்த 2டி ஆயில் ஒன்றே. சேடக் வகைக்கு லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுக் கணக்கு. பழைய லாம்பிரெட்டா சிலவற்றுக்கு இதைவிட அதிகம். ஆயில் கலக்காமல் ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

உதைக்கும் நேரம்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைவழியே சில சொட்டு 2டி ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அசைந்தால் நல்ல காலம். அசையாவிட்டால் முரட்டுத்தனமாக உதைக்காமல் மெக்கானிக்கிடம் விட வேண்டும். பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். பாயின்ட் உள்ள பழைய வண்டியானால் அதன் முகத்தைத் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைக்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருப்பதும் உண்டு. இஞ்சின் ஓடாதபோது கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் விடுபடும்.

இஞ்சின் ஓடத் தொடங்கியபின் காதும் கண்ணும் விழிப்பாக இருக்க வேண்டும். கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் கிடந்து கிடந்து இறுகிவிடும். மேக்னெட் பக்கச் சீல் கெட்டால் அவ்வழியே காற்று புகும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இஞ்சின் சீறும், சூடேறும், முடிவில் பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கச் சீல் கெட்டால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை வந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் சைலன்சரில் தங்கிய எண்ணெய் எரிந்து சிறிது நேரம் புகைவது இயல்பே. நிற்காத புகையே நோயின் அறிகுறி. சீலின் விலை குறைவு. அதைப் புறக்கணித்ததால் வரும் செலவு மிகுதி.

வெள்ளோட்டம்

முதல் ஓட்டத்துக்குச் சிறுமலைச் சாலை ஏற்றதன்று. அதன் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் இஞ்சினையும் பிரேக்கையும் ஒருசேரச் சோதிப்பவை. நான்கு வழிச்சாலையும் வேண்டாம். வீட்டருகே வண்டி நடமாட்டம் குறைந்த சமவெளிச் சாலையில் நிதானமாகப் போய் வருவதே முறை. இஞ்சின் திடீரெனப் பிடித்துப் பின்சக்கரம் இழுத்தால் உடனே கிளட்சை அழுத்த வேண்டும். இந்த ஒரு பழக்கம் உயிரைக் காக்கும். திரும்பியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறமானால் கலவை சரி; கரியும் ஈரமுமானால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம்; வெண்மையானால் காற்று அதிகம், சூடும் அதிகம்.

பின்னர் மலைக்குச் சென்றாலும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும். இடையிடையே சிறிது திறந்து விடுவது நல்லது.

ஏடும் சீட்டும்

பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் வேண்டும். வண்டி தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றமும் வேண்டும். கையில் பணத்தைச் செலவிடுமுன் இவற்றை விசாரித்துக்கொள்வது அறிவுடைமை. ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

முடிவுரை

குறைந்த கிலோமீட்டர் என்பது வண்டிக்கு நற்சான்று அன்று. அது ஓடாமல் நின்ற காலத்தின் கணக்கு. உடல் அரித்த வண்டியை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், ஓட்ட வேண்டாம். உடல் உறுதியாக இருந்தால், பிரேக் முதலாகப் பெட்ரோல் வழி, எண்ணெய், மின்பொறி, சீல் என்று முறையாகச் சரிசெய்தால் அது இன்னும் பல்லாண்டு உழைக்கும். சரிசெய்தபின் மீண்டும் சாக்கைப் போர்த்தி நிறுத்திவிட்டால் பட்ட பாடெல்லாம் பாழ். வாரம் ஒரு முறையேனும் இஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டுங்கள். கட்டிப் போட்ட குதிரைக்குக் கால் முடங்கும் என்பது பந்தியில் நிற்கும் குதிரைக்கு மட்டும் பொருந்துவது அன்று.