அலை எப்போது வந்து சேரும்?

1965 அக்டோபர் 29 அன்று, அலாஸ்காவின் அலூஷியன் தீவு வரிசையிலுள்ள அம்சிட்கா தீவில் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அதற்கு ‘லாங் ஷாட்’ என்று பெயர். நிலநடுக்கம் எங்கே தொடங்கியது என்பதை ஊகிக்கத்தான் முடியும்; இந்த வெடிப்பு நிகழ்ந்த இடமும் நொடியும் முன்கூட்டியே தெரியும். ஆனாலும் உலகெங்கும் இருந்த நில அதிர்வு நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு இடத்தைக் கணக்கிட்டபோது, விடை 20 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளி விழுந்தது.

கருவிகள் மீது குற்றமில்லை. அந்தத் தீவுகளுக்கு அடியில் பசிபிக் தட்டு வடக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. சுற்றியுள்ள பாறையைவிடக் குளிர்ந்த தட்டு என்பதால், அதன் வழியே போகும் அலைகள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும். ஆழத்துக்கு ஆழம் மட்டுமே வேகம் மாறும் சீரான உருண்டையாகப் பூமியைக் கருதிய பழைய அலை வருகை நேர அட்டவணைகளுக்கு இது தெரியாது. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தப்படி நேரடிக் கள ஆய்வுக்கு அனுமதிக்கப்படும் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டர். வட்டமாக வரைந்தால் ஆரம் 18 கிலோமீட்டர்கூட வராது; 20 கிலோமீட்டர் பிசகினால் உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

சாய்ந்து கிடக்கும் தட்டையும் கணக்கில் சேர்க்க அட்டவணை போதாது, கணினி வேண்டும். புள்ளிக் கோலம் போல நிலத்தடியைப் புள்ளிகளாக விரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் அலையின் வேகத்தைக் குறித்துக்கொண்டு, முதல் அலை அங்கே எப்போது வரும் என்று கணிப்பார்கள். பிழைக்கு இரண்டாவது காரணம் இங்கேதான். பூமியைப் பற்றிய அறிவு சரியாகவே இருந்தாலும் கணக்கு தவறலாம்.

எளிதாகத் தோன்றும் வழி, டைக்ஸ்ட்ரா 1959இல் தந்த குறுகிய பாதைக் கணக்கு. ஆனால் நெடுக்கும் குறுக்குமாக மட்டும் நகர்ந்தால், மூலைவிட்டத் திசையில் நேரம் 41 சதவீதம் கூடிவிடும். மூலைகளையும் சேர்த்து எட்டுத் திசை தந்தாலும் சில கோணங்களில் 8 சதவீதப் பிழை மிஞ்சும். புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் இந்தப் பிழை குறையாது! திசைகளைத்தான் கூட்ட வேண்டும்.

அலைமுகப்பின் சமன்பாட்டையே நேரடியாகத் தீர்ப்பது இன்னொரு வழி. ஜான் விடேல் 1988இல், அலை புறப்படும் இடமான ஊற்றைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிந்து கணிக்கும் முறையைத் தந்தார். வேகம் சட்டென மாறும் இடங்களில் அலை வளைந்து, ஏற்கெனவே கணித்து முடித்த சதுரத்துக்குள் திரும்பி வரும்; அங்கே அந்த முறை தடுமாறியது. ஜேம்ஸ் செத்தியன் 1996இல் வெளியிட்ட முறை, எந்தப் புள்ளிக்கு அலை முதலில் வருமோ அதையே முதலில் முடிக்கிறது. அதில் புள்ளிகளை நெருக்கினால் பிழை உண்மையாகவே குறையும்.

ஆனால் மெதுவாகத்தான் குறையும், காரணம் ஊற்று. அதன் அருகே அலைமுகப்பின் வளைவு மிகக் கூர்மையானது. அங்கே சேரும் சின்னப் பிழையை அலை கடைசிப் புள்ளி வரை சுமந்து செல்கிறது. மேலோட்டில் நொடிக்கு 6 கிலோமீட்டர் போகும் அலையில் 0.1 நொடி பிசகினால் 600 மீட்டர் பிசகும். முப்பரிமாணத்தில் இடைவெளியைப் பாதியாக்கினாலோ புள்ளிகள் எட்டு மடங்காகின்றன. கணினியை வதைப்பதுதான் மிச்சம்.

இதற்கு ஃபோமெல், லுவோ, ஜாவோ ஆகிய மூவரும் 2009இல் கையாண்ட உத்தி அழகானது. வேகம் மாறாத பாறையில் நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது. அதற்குக் கணினியே வேண்டாம். ஊற்றின் கூர்மை முழுவதும் அந்த விடையிலேயே அடங்கிவிடும். அதை எந்த எண்ணால் பெருக்கினால் உண்மையான நேரம் கிடைக்குமோ, அந்த எண்ணை மட்டும் கணினி கணிக்கிறது. ஊற்றருகே அது சீராக மாறுவதால் அதே புள்ளிகளில் துல்லியம் பல மடங்கு கூடுகிறது.

முறை எதுவானாலும் உரைத்துப் பார்க்க வழி உண்டு. ஆழத்தோடு வேகம் ஒரே சீராகக் கூடும் நிலத்தில் அலையின் பாதை வட்ட வில். அதன் நேரத்துக்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறது. புள்ளிகளை நெருக்கும்போது தன் விடை அந்தச் சூத்திரத்தை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று காட்டாத மென்பொருள், தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் அச்சிட்டாலும் நம்ப வேண்டியதில்லை.