ஜிபி வாட்ஸ்அப்: ஆபத்து வைத்திருப்பவருக்கு மட்டுமா?

'ஜிபி வாட்ஸ்அப்', 'எஃப்எம் வாட்ஸ்அப்', 'யோ வாட்ஸ்அப்' எனப் பல பெயர்களில் உலவும் மாற்றுச் செயலிகளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: நீல டிக் விழாமல் படிக்கலாம், அனுப்பியவர் அழித்துவிட்ட செய்தியையும் பார்க்கலாம், அடுத்தவர் ஸ்டேட்டஸைச் சேமித்துக்கொள்ளலாம். ஆபத்தாயிற்றே என்றால், "என் போன், என் விருப்பம், மறைக்கிற அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது?" என்பார்கள். பிழை இந்தப் பதிலில்தான் இருக்கிறது. இந்தச் செயலிகளால் வரும் கேடு வைத்திருப்பவரோடு நிற்பதில்லை. அவருக்குச் செய்தி அனுப்புகிற அத்தனை பேரும், ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படாமல், அதில் பங்காளிகள் ஆகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புபவரின் போனிலேயே மறையாக்கம் செய்யப்பட்டுக் கிளம்புகிறது. பெறுபவரின் போனில்தான் மறுபடி எழுத்தாகிறது. நடுவில் இருக்கும் சர்வரால் அதைப் படிக்க முடியாது. 2016 முதல் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தானாகவே நடப்பில் இருக்கிறது. ஆனால் இது காப்பது வழியை மட்டுமே. அரக்கு முத்திரை வைத்த கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தாலும், அதைப் பிரித்து வாசித்துக் காட்டுகிறவர் யாரென்று தெரியாவிட்டால் முத்திரையால் என்ன பயன்? மாற்றுச் செயலி அந்த வாசிப்பவரின் இடத்தில் உட்கார்கிறது. அசல் செயலியின் ஏபிகே என்ற நிறுவல் கோப்பைப் பிரித்து, தனக்கு வேண்டிய நிரலைச் செருகி, மீண்டும் கட்டி, தன்னுடைய டிஜிட்டல் கையொப்பத்தைப் போட்டு யாரோ ஒருவர் வெளியிடுகிறார். அதனால் பிளே ஸ்டோர் வழியாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்கு வந்து சேராது. அந்த முகம் தெரியாதவர் மனம் வைத்தால்தான் அப்டேட்.

இது வெறும் ஊகமல்ல. 2021 ஆகஸ்டில் எஃப்எம் வாட்ஸ்அப்பின் 16.80.0 பதிப்பில் 'ட்ரையாடா' என்ற தீநிரல் இருப்பதை இணையப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டறிந்தது. விளம்பர வருமானத்துக்காகச் சேர்த்த ஒரு மென்பொருள் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது அது. ஆக, மாற்றியவர் நல்லவராகவே இருந்தாலும் போதாது. பயனர் அறியாமல் கட்டணச் சந்தாக்களில் சேர்த்துவிடும் வேலையும் ட்ரையாடா வழியாக நடந்தது. அடுத்த ஆண்டு யோ வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பு, கணக்கையே கைப்பற்ற உதவும் சாவிகளைத் திருடி வெளியே அனுப்புவது தெரியவந்தது. அதே 2022 அக்டோபரில், இத்தகைய செயலிகளின் மூலம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் களவாடப்பட்டதாக மூன்று நிறுவனங்கள் மீது வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2023இல் சிக்கியது 'கேன்ஸ்ஸ்பை'. டெலிகிராம் சேனல்கள் வழியாக, பெரும்பாலும் அரபி, அஜர்பைஜானி பேசுவோரிடையே பரவிய வாட்ஸ்அப் நகல்களில் ஒளிந்திருந்த இந்த உளவுநிரல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்பு எண்களைத் தன் முதலாளிக்கு அனுப்பியது. கட்டளை வந்தால் மைக்கில் ஒலிப்பதிவும் செய்யும். தொடர்பு எண்கள் என்றால் யாருடையவை? வைத்திருப்பவருடையவை அல்லவே.

திருட்டு எண்ணமே இல்லாத இடத்திலும் இதே கதைதான். செய்திகளை ஆவணமாகச் சேமித்து வைப்பதற்காக சிக்னல் செயலியை மாற்றி விற்ற 'டெலிமெசேஜ்' நிறுவனத்தின் செயலி, அமெரிக்க தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக் வால்ட்ஸின் போனில் இருந்தது 2025இல் ஒரு புகைப்படத்தால் வெளிப்பட்டது. சில நாட்களிலேயே அந்நிறுவனத்தின் சர்வருக்குள் ஒருவர் புகுந்துவிட்டார். செய்திகளின் பிரதி படிக்கக்கூடிய வடிவில் அங்கே தங்கியிருந்தது. சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய மாற்றுச் செயலிக்கே இந்த நிலை.

"அசல் வாட்ஸ்அப் மட்டும் யோக்கியமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019இல் பெகாசஸ் உளவுநிரல் அசல் வாட்ஸ்அப்பின் ஓட்டை வழியாகவே சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது. 2021ஆம் ஆண்டுத் தனியுரிமைக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் இரண்டு விவகாரங்களிலும் கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது. ஓட்டை அடைக்கப்பட்டது, திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஜிபி வாட்ஸ்அப் மீது எங்கே போய்ப் புகார் கொடுப்பது? மாற்றுச் செயலிகள் எல்லாமே நஞ்சு என்றும் சொல்வதற்கில்லை. டெலிகிராம் பிறர் செயலி உருவாக்குவதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அங்கும் நிரலைப் பலர் பார்த்துச் சோதிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். பிளே ஸ்டோரில் இருப்பதே போதிய சான்று என்றும் நம்ப வேண்டாம். 'சிக்னல் பிளஸ் மெசஞ்சர்' என்ற உளவுச் செயலி அங்கேயும் இடம்பிடித்திருந்தது.

வசதி என்ற வாதமும் இப்போது இளைத்துவிட்டது. நீல டிக்கை அணைப்பது, ஆன்லைனில் இருப்பதை மறைப்பது, உரையாடலைப் பூட்டுவது, ஒரே போனில் இரண்டு கணக்கு எல்லாம் அசலிலேயே வந்துவிட்டன. மிஞ்சுவது அடுத்தவர் அழித்ததைப் பார்ப்பது போன்றவை. அவர் வேண்டாம் என்றதைப் பார்க்கும் ஆசையை வசதி என்று அழைக்க எனக்கு மனமில்லை. வைத்திருப்பவர்கள் அந்தச் செயலியை நீக்கிவிட்டு, அசலை நிறுவி, 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றி, இருபடிச் சரிபார்ப்புக்குப் புதிய பின் எண் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் குடும்பக் குழுவில் யாராவது இன்னும் ஜிபி வைத்திருந்தால், அவரிடம் இதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் போனில் இருப்பது உங்கள் செய்தியும்தான்.