இருண்ட முகிலும் இரும்புக் கதிரும்

தேக்கா சந்தையில் காய்கறிக்குக் காசு கொடுக்க நீட்டிய கையை, விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் மியூவான் என்னும் நுண்துகள்கள் துளைத்துச் செல்கின்றன. கூரை அவற்றைத் தடுப்பதில்லை. கைக்கு அவை தெரிவதுமில்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் மேல்வானத்துக் காற்றில் மோதும்போது பிறப்பவை இவை.

அதே அண்டக் கதிர்கள், விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் இருண்ட முகில்களில் புரியும் வேலை வேறு. அம்முகில்கள் வாயுவும் தூசியும் நிறைந்தவை. விண்மீன் ஒளி உள்ளே நுழையாது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 263 பாகை. தூசி ஒன்றின் பருமனோ மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதன்மேல் படும் வாயு, பனியாய் ஒட்டிக்கொள்ளும். இவ்வாறே போனால் அடர்ந்த முகிலில் உள்ள கார்பன் மோனாக்சைடு சில இலட்சம் ஆண்டுகளில் முற்றும் உறைந்துவிட வேண்டும். ஆனால் ரேடியோ தொலைநோக்கிகள் அவ்வாயுவை இன்னும் காண்கின்றன. உறைந்ததை மீண்டும் எழுப்புவது எது?

இரும்பின் அணுக்கரு என்பது விடை. அண்டக் கதிர்களுள் பெரும்பாலானவை ஹைட்ரஜன் அணுக்கருக்களே. அவை தூசியைத் துளைத்துச் சென்றாலும் விட்டுச் செல்லும் வெப்பம் அற்பம். அவ்வெப்பம் மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். இரும்பின் மின்னூட்டம் 26. எனவே அதே வேகத்தில் வரும் இரும்புக் கரு 676 மடங்கு வெப்பம் தருகிறது. மெதுவாக வந்தால் இன்னும் மிகுதி. அடிபட்ட தூசி கண நேரத்தில் பூச்சியத்துக்குக் கீழே 203 பாகை வரை சூடேறுகிறது. ஒட்டியிருந்த மூலக்கூறுகள் அவ்வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிப் பறக்கின்றன. விநாடியில் இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது! இத்தகைய அடி ஒரு தூசிக்குக் கிடைப்பது பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவில்தான். ஆகவே சராசரி பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு தீக்குச்சியின் சூட்டை நாள் முழுவதும் பரப்பிக் கொடுத்தால் விளக்குத் திரி பற்றுமா?

லேஜே, ஜூரா, ஓமோன் ஆகிய மூவர் 1985-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தூசியை நன்கு சூடேற்றும் மெதுவான இரும்புக் கதிர்களைச் சூரியக் காற்று அண்டவிடாது தள்ளுகிறது. எஞ்சி வருபவற்றைப் பூமியின் காந்தப் புலம் தடுக்கிறது. அத்தடை மிக வலுவாயுள்ள பகுதிகளுள் சிங்கப்பூர் அமைந்த தென்கிழக்காசிய நிலநடுக்கோட்டுப் பகுதியும் ஒன்று. தேக்காவில் கையைத் துளைப்பவை மிக வேகமான வேறு கதிர்களின் சந்ததி.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிய பின்னரே அம்மெதுவான கதிர்களை நேரில் அளக்க முடிந்தது. அங்கே அவை வாயுவை அயனியாக்கும் வேகம், மெல்லிய முகில்களை ஆராய்ந்து கணித்திருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கதிரின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.