பால், பிஸ்கட், பேதி: வயிறு ஒத்துக்காத நாய்க்கு என்ன சாப்பாடு?

ஹாஸ்டல் இருக்கிற எந்த காலேஜிலும் நாலு நாய் இருக்கும். அதில் ஒன்றுக்கு எப்பவும் வயிறு சரியிருக்காது. காரிடாரில் கழிந்து வைக்கும், ரெண்டு நாள் சுருண்டு படுத்திருக்கும், மூணாவது நாள் மெஸ் வாசலில் வாலாட்டிக்கிட்டு நிற்கும். "அதுக்கு சென்சிட்டிவ் ஸ்டமக் மச்சி" என்று யாராவது ஒரு கப் பாலும் நாலு மேரி பிஸ்கட்டும் வைப்பார்கள். மறுநாள் திரும்பவும் அதே கதை. கிளீன் பண்ற அக்கா திட்டுவார், வார்டனுக்குப் புகார் போகும். அடுத்து ஒரு வண்டி வந்து நாயை ஏற்றிக்கொண்டு போனால் நாம யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால் அதோட வயிற்றைச் சரி பண்றது, அது இங்கேயே இருக்குமா இல்லையா என்கிற கேள்வியும்தான்.

சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒரு விஷயம். கழிச்சல் எல்லாமே சாப்பாட்டால் வருவதில்லை. குடற்புழு, ஜியார்டியா, குட்டிகளுக்குப் பார்வோ, உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகம், கணையம் என்று பட்டியல் நீளம். கடைசியாக எப்போது பூச்சி மாத்திரை கொடுத்தார்கள் என்று யாருக்குமே தெரியவில்லை என்றால், உணவை மாற்றுவதற்கு முன் மலப் பரிசோதனையும் குடற்புழு நீக்கமும்தான். ரத்தம் கலந்து போனாலோ, கூடவே வாந்தி இருந்தாலோ, தண்ணீர்கூட குடிக்காமல் படுத்துவிட்டாலோ, குட்டியாக இருந்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்க. அரசு கால்நடை மருத்துவமனை எல்லா ஊருக்கும் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. நமக்குப் பேதி வந்தால் போடுகிற மாத்திரையை உடைத்துப் போடுகிற வேலை வேண்டாம்.

அதெல்லாம் இல்லை, நாய் நல்லா சுறுசுறுப்பா இருக்கு, ஆனா மலம் மட்டும் இளகியே போகுது என்றால், அப்போ சாப்பாட்டைச் சந்தேகப்படலாம். முதல் குற்றவாளி பால்தான். தாய்ப்பால் மறந்த பிறகு நாயின் குடலில் லாக்டேஸ் என்சைம் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் தண்ணீரை உள்ளே இழுக்கும், பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். முடிவு காரிடாரில். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி ஏற்கனவே புளித்துப் போயிருப்பதால் கொஞ்சமாகக் கொடுத்தால் பல நாய்களுக்கு ஒத்துக்கும். அதற்காக மெஸ் தயிர் சாதத்தை அப்படியே வைக்காதீங்க, அதில் உப்பும் தாளிப்பும் மிளகாயும் இருக்கு.

இரண்டாவது, கொழுப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் எண்ணெய், சிக்கன் 65 தோல், குருமா. திடீரென்று நிறைய கொழுப்பு போனால் கழிச்சலோடு நிற்காது, கணைய அழற்சி வரை போகலாம். பிரியாணியில் வெங்காயம், பூண்டு வேறு. அவை நாயின் சிவப்பு ரத்த அணுக்களைச் சிதைக்கும், சமைத்தாலும் அந்த விஷம் போகாது. சமைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டால் மூன்றும் ஆபத்து.

மூன்றாவது காரணத்தை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாற்பது பேர் நாற்பது விதமாகப் போடுவது. நாய்க் குடலில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வழக்கமான உணவுக்குப் பழகி இருக்கும். காலையில் இட்லி, பதினோரு மணிக்கு பஃப்ஸ், மதியம் சாம்பார் சாதம், இரவு நூடுல்ஸ் என்றால் எந்த வயிறுதான் தாங்கும்? "சென்சிட்டிவ்" என்று நாம் பேர் வைத்த நாய்களில் பல உண்மையில் சென்சிட்டிவ் இல்லை என்பது என் எண்ணம். ஒரு கிண்ணம், ஒரு இடம், ரெண்டு வேளை, ஒரே சாப்பாடு. பொறுப்பு ரெண்டு பேருக்கு. மற்றவர்கள் தடவிக் கொடுத்தால் போதும்.

சரி, அப்போ என்ன கொடுக்கலாம்?

கழிச்சல் நடந்துகொண்டிருக்கும் ரெண்டு மூணு நாளைக்கு சாதமும் சிக்கனும். நாய்க்கு அரிசி ஆகாது என்று சிலர் சொல்வார்கள். 2013-இல் நேச்சர் இதழில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய அமைலேஸுக்கான ஏஎம்ஒய்2பி மரபணு ஓநாயை விட நாயிடம் பல மடங்கு பிரதிகள் கூடி இருப்பதைக் காட்டியது. மனுஷன் பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து சோறு தின்னப் பழகிய மிருகம் அது. குழைய வேகவைத்த வெள்ளை அரிசி அதற்கு நன்றாகவே செரிக்கும்.

அளவு தெரியணும்னா ஒரு சின்ன ஃபார்முலா இருக்கு. சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கிலோகலோரி = 70 × (கிலோவில் எடை)^0.75. பதினைந்து கிலோ நாட்டு நாய்க்கு சுமார் 533. இதற்கு வெந்த சாதம் 260 கிராம், தோல் எலும்பு நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த சிக்கன் 120 கிராம் சரியாக வரும். மூணு நாலு வேளையாகப் பிரித்து வைக்கணும். தண்ணீர் எப்பவும் பக்கத்தில் இருக்கணும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்த்தால் அதன் நார்ச்சத்து மலத்தைக் கொஞ்சம் கட்டும்.

ஆனால் இதையே மாசக்கணக்கில் போட முடியாது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் குறைவு. எலும்பில் இருந்து கால்சியத்தை உறிஞ்சி உடம்பு சமாளிக்கும். குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருப்பதால், நன்றாக அரைத்த அரை ஓட்டுப் பொடி பதினைந்து கிலோ நாயின் ஒரு நாள் தேவையை எட்டும். அதோடு துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் வேறு கணக்கு. 2013-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 95 சதவீதத்தில் குறைந்தது ஒரு சத்தாவது பற்றாமல் இருந்தது. கால்நடை டாக்டர்கள் எழுதியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

அதனால் நீண்ட நாளைக்கு, அளவாகச் சத்து சேர்த்த ரெடிமேட் உணவு பலருக்கும் சுலபம். கடையில் பாக்கெட் முன்பக்கத்தைப் பார்க்காதீங்க. அங்கே ஓடுகிற நாயும் பளபளக்கும் சிக்கன் துண்டும்தான் இருக்கும். பின்னாடி திருப்புங்க. "முழுமையான, சமச்சீரான உணவு" என்றும், எந்த வயதுக்கு என்றும் போட்டிருக்கணும். அது இல்லாவிட்டால் அது தீனி, சாப்பாடு இல்லை.

அப்புறம் சதவீதங்கள். டப்பா உணவில் புரதம் 8%, உலர் உணவில் 24%. எது அதிகம்? அவசரப்படாதீங்க. டப்பாவில் ஈரப்பதம் 80%, அப்போ உலர்எடையில் புரதம் 8/20, அதாவது 40%. உலர் உணவில் ஈரப்பதம் 10%, 24/90 போட்டால் 26.7%. பல நாடுகள் பின்பற்றும் அமெரிக்க ஆஃப்கோ அளவுகோல், வளர்ந்த நாய்க்கு உலர்எடையில் குறைந்தபட்சம் புரதம் 18%, கொழுப்பு 5.5% கேட்கிறது. குட்டிக்கு 22.5%, 8.5%. வயிறு மக்கர் பண்ற நாய்க்கு, கொழுப்பு அந்தக் குறைந்தபட்சத்தை விட ரொம்ப மேலே போகாத வகையாகப் பாருங்க.

இன்னொரு கணக்கு, காசு மிச்சம் பண்ண. புரதம் 24, கொழுப்பு 10, நார் 4, சாம்பல்சத்து 8, ஈரம் 10 என்று போட்டிருந்தால் மிச்சம் 44 மாவுச்சத்து. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கிலோகலோரி, கொழுப்புக்கு 8.5. 100 கிராமில் 84 + 85 + 154 = 323. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு மேலே சொன்ன 533-ஐ 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 854 கிலோகலோரி. ஆக ஒரு நாளைக்கு 264 கிராம். கிலோ விலையை விட்டுவிட்டு 1000 கிலோகலோரிக்கு என்ன விலை என்று பாருங்க. சில "மலிவு" பாக்கெட்டுகள் அப்போது மலிவாகத் தெரியாது.

"கிரெயின் ஃப்ரீ" என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட, பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமுள்ள உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை வீக்க நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018-இல் அமெரிக்க எஃப்டிஏ எச்சரித்து விசாரணையைத் தொடங்கியது. தானிய அலர்ஜி அவ்வளவு பொதுவானதும் இல்லை. 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களில் மாட்டிறைச்சிக்கு 34%, பால் பொருளுக்கு 17%, சிக்கனுக்கு 15%, கோதுமைக்கு 13%. அரிசி ரொம்பக் கீழே.

கழிச்சலோடு காது சீழ், ஓயாமல் பாதம் நக்குவது, அரிப்பு எல்லாம் சேர்ந்து இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் இதை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. நம்ம டீபக்கிங் மாதிரிதான், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, வேறெதுவும் கிடையாது. எல்லாத்தையும் தின்னு பார்த்த கேம்பஸ் நாய்க்குப் புதுப் புரதம் தேடுவது கஷ்டம். அதற்கு, புரதத்தைச் சின்னத் துண்டுகளாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரலைஸ்டு உணவை டாக்டர் சொல்வார். வயிற்றுத் தொந்தரவு மட்டும் என்றால் பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்தில் மாற்றம் தெரியும், தோலும் சேர்ந்தால் எட்டு வாரம். சரியான பிறகு பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து, தொந்தரவு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் முடிவு உறுதி. நடுவில் ஜூனியர் ஒருத்தன் ஒரு பிஸ்கட் போட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்கணும். அதனால்தான் கேம்பஸில் இதை லீவு நாட்களில், ஒரு வீட்டில் வைத்துச் செய்வது நல்லது.

புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாறாதீங்க. ரெண்டு நாள் கால் பங்கு, ரெண்டு நாள் பாதி, ரெண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுசா. வயிறு முரண்டு பிடித்தால் ஒரு படி பின்னால் வந்து பத்து நாளாக நீட்டுங்க. கூடவே ஒரு நோட்டில் தினமும் மலத்துக்கு மார்க் போடுங்க. பியூரினா நிறுவனத்தின் அட்டவணையில் 1 என்பது காய்ந்த கல், 7 என்பது வெறும் தண்ணீர், நல்ல மலம் 2. சிரிக்காதீங்க, டாக்டரிடம் "பரவாயில்லை சார்" என்பதை விட "நாலு நாளா 5, நேத்து 3" என்பது ரொம்ப உதவும். போகும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துட்டுப் போங்க, ஒரு சின்ன டப்பாவில் அன்றைய மலத்தையும்.