மனநல மருத்துவமனையில் கணிப்பொறி

நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்புகள் எங்கே இருக்கும்? மருத்துவமனைப் பதிவறையில், நாடா கட்டிய கோப்பினுள் என்பதே நெடுங்காலம் நிலவிய விடை. நோயாளி பல்லாண்டுகள் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தவரை அதனால் பெரும் இடர்ப்பாடு எழவில்லை. 1955இல் அமெரிக்க அரசாங்க மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 559,000 பேர் தங்கியிருந்தனர். புதிய மருந்துகள் வந்தன. 1963இல் சமூக மனநல நிலையங்களுக்கான சட்டம் இயற்றப்பெற்றது. நோயாளிகள் வீடு திரும்பலாயினர். கோப்போ அவர்களுடன் செல்லவில்லை. முன்னர் எம்மருந்து, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை அறியாமலே வெளியூர் மருத்துவர் சிகிச்சை தொடங்க நேர்ந்தது.

இக்குறையைப் போக்க, நியூயார்க் மாநிலத்து ஆரஞ்சுபர்க்கிலுள்ள ராக்லண்ட் மருத்துவமனையில் 1960களின் பிற்பகுதியில் ‘பன்மாநிலத் தகவல் முறை’ உருவாக்கப்பட்டது. அங்கிருந்த ஆய்வு நிலையத்தின் தலைவர் டாக்டர் நேதன் கிளைன். கணிப்பொறிப் பணிக்கு யூஜீன் லாஸ்கா பொறுப்பேற்றிருந்தார். பிற மாநில மருத்துவமனைகள் தொலைபேசிக் கம்பி வழியே அக்கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டன.

அது இயங்கிய விதம் எளிது. கிராணியார் செக்ரோலில் பெயருக்கு நேரே குறியிடுவதைப் போன்று, மருத்துவர் அச்சிட்ட படிவத்தில் நோயாளியின் பேச்சு, அச்சம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைக் குறிப்பார். பொறி அக்குறிகளைப் படித்து, வாக்கியங்களாக அமைந்த அறிக்கையை அச்சிட்டுத் தரும். நோயை அறிபவர் மருத்துவரே. அவர் குறிக்காததைப் பொறி கூறாது.

எனினும் உண்மையான சிக்கல் பொறியில் இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரையே நம்மவர் ஏளனச் சொல்லாக்கிவிட்டனர். அங்குச் சிகிச்சை பெற்ற செய்தி வெளியானால் மகளின் திருமணப் பேச்சு முறிந்துவிடுமோ என அஞ்சும் குடும்பங்கள் எத்தனை! கோப்பைத் திருட அந்த அறைக்கே செல்ல வேண்டும். கணிப்பொறிப் பதிவையோ தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளின் பதிவை மட்டுமே காணுமாறு இரகசியக் குறியீடுகள் அமைக்கப்பட்டன. அதுவும் போதாதென்று, 1972இல் நியூயார்க் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. ராக்லண்டில் சேமிக்கப்பட்ட அப்பதிவுகளை வெளியார் பார்வையிடவோ, நீதிமன்றம் ஆணையிட்டு வரவழைக்கவோ இயலாதென அது விதித்தது. கணிப்பொறியை விட இச்சட்டமே பெரிய சாதனை என்பது எமது கருத்து.

மலேசியாவிலும் மனச்சிதைவு நோய்க்கான தேசியப் பதிவேடு 2003இல் தொடங்கப்பெற்றது. ஆயினும் வேறு மருத்துவமனைக்குச் செல்வோர் தம் பழைய மருந்துச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுதல் நலம். அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அதையே.