ஆன்லைனில் இலவசமாக பாடம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள்... அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ குப்பங்களில், வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். அப்பா ஏரியில், அம்மா மீன் விற்கப் போயிருப்பார். சுமார் 55 கி.மீ. தள்ளி சென்னையில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர், செல்போன் வழியாக அந்தக் குறையைத் தீர்க்க முடியும். குழந்தைக்கு லாபம் சரி, சொல்லித்தருபவருக்கு என்ன லாபம்?

இத்தாலியில் என்ன நடந்தது?

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, பல்கலைக்கழக மாணவர்கள் ஏழை மற்றும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் இலவசமாகப் பாடம் எடுத்தார்கள். பெரும்பாலும் வாரம் 3 மணி நேரம். பொருளாதார ஆய்வாளர்கள் மிக்கேலா கார்லானா, எலியானா லா ஃபெராரா இதை ஆராய்ந்தனர். பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. கூடவே, பாடம் எடுத்தவர்களிடம் அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்ளும் குணமும் கூடியிருந்தது.

பாடமும் பலப்படும்

தனக்குத் தெரிந்தது வேறு, புரியும்படி சொல்வது வேறு. 'மீதி' என்பதை விளக்கணும்னா, சூத்திரம் போதாது. பழவேற்காட்டில் மீனவர்கள் முறைவைத்து மீன் பிடிக்கும் 'பாடு' வழக்கம் உண்டு. மூன்று குழுக்கள் தினம் மாறி மாறிப் போகுதுன்னு வெச்சுக்கலாம். 20-வது நாள் யார் முறை? 20-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2, அதனால் இரண்டாவது குழு. இப்படி ஒரு உதாரணம் தேட, அந்த ஊரைப் பற்றி பிள்ளையிடமே கேட்கணும். அப்போது ஆசிரியரும் மாணவராகிறார். எளிமையாகப் பேசுவது, பொறுமை, நேரம் தவறாமை என இன்டர்வியூவிலும் வேலையிலும் கைகொடுக்கும் பழக்கங்களும் வரும்.

எதில் கவனம் தேவை?

சான்றிதழுக்காகச் சேர்ந்து, செமஸ்டர் தேர்வு வந்ததும் நிறுத்திவிட்டால், நஷ்டம் பிள்ளைக்குத்தான். 'அக்கா இன்னைக்கும் வரலையே' என்று அது காத்திருக்கும். வீட்டில் ஒரே போன் என்றால், அது அப்பாவோடு படகில் போயிருக்கலாம். எனவே நேரத்தைக் குடும்பத்திடம் கேட்டே முடிவு செய்யணும். தேர்வு நாட்களில் யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். வாரம் ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால், அதை மட்டும் சொல்லி, தவறாமல் வருவதே நல்லது.