மேகம் மூடினால் மேல்தளத்துக்குப் போங்கள்

அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் லெமேர் கால்வாய் இருக்கிறது. பெயர்தான் கால்வாய், உண்மையில் இரு மலைச்சுவர்களுக்கு நடுவே சுமார் 11 கிலோமீட்டர் ஓடும் ஒடுங்கிய ஜலசந்தி. 1898 டிசம்பரில் அட்ரியன் டி கெர்லாஷ் தலைமையில் வந்த ‘பெல்ஜிகா’ கப்பல்தான் முதலில் இதைக் கடந்தது. இன்று தென்துருவச் சுற்றுலாக் கப்பல்கள் பலவும் இதைத் தேடி வருகின்றன. ஆனால் உள்ளே நுழைய முடியுமா என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். காற்று பனிக்கட்டிகளை அள்ளிவந்து வழியை அடைத்திருந்தால் திரும்ப வேண்டியதுதான்.

தென் அட்சரேகை 60 பாகையையொட்டி உலகைச் சுற்றிவந்தால் காற்றைத் தடுக்க ஒரு கண்டமும் குறுக்கே வராது. காற்றழுத்தத் தாழ்வு நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு, உள்நாட்டுப் பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கித் திடீரெனக் கடலில் பாயும். காலையில் வெயில், மதியம் பனித்தூறல், மாலையில் எதிரே எதுவும் தெரியாத மூடுபனி: இதெல்லாம் அங்கே ஒரே நாளில் நடக்கும்.

பயணிகள் வெயிலுக்கு ஏங்குவார்கள். என்னைக் கேட்டால், மேகம் மூடிய நாளே மேல்.

பனிப்பாறையின் நீலத்தையே பாருங்கள். பல நூற்றாண்டுப் பனி அடுக்கடுக்காக விழுந்து, தன் எடையாலேயே இறுகி, உள்ளிருந்த காற்றுக்குமிழிகள் சுருங்கிய கட்டி அது. குமிழிகள் நிறைந்த பனி எல்லா நிறங்களையும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. இறுகிய பனியிலோ ஒளி ஆழமாக நுழைகிறது. போகும் வழியில் சிவப்பு உறிஞ்சப்பட, வெளியே வருவது நீலம். வெயிலில் மேற்பரப்பு கூசுவதால் அது வெளிறிவிடும். மேகத்தின் கீழேதான் விரிசல்களுக்குள் இருக்கும் மயில்கழுத்து நீலம் கண்ணுக்குப் பிடிபடும்.

இன்னொன்று, மேகத்தின் அடிவயிறு. தொலைவில் கடற்பனி பரந்திருந்தால் அதன் ஒளி பட்டு மேகத்தின் அடி வெளிறி மின்னும். மாலுமிகள் இதை ‘ஐஸ் பிளிங்க்’ என்பார்கள். பனியில்லாத நீர் இருந்தால் அதற்கு நேர்மேலே கருமை படரும். அது ‘வாட்டர் ஸ்கை’. அடிவானத்துக்கு அப்பால் இருப்பதை மேகமே காட்டிவிடுகிறது. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இந்தக் கருமையைப் பார்த்துத்தான் வழி தேடினார்கள்.

தெளிந்த காற்றோ ஏமாற்றவும் செய்யும். குளிர்ந்த கடலையொட்டிக் குளிர்காற்றும் அதன்மேல் சற்று வெப்பமான காற்றும் படிந்தால் ஒளிக்கதிர்கள் கீழ்நோக்கி வளையும். அப்போது தொலைவுப் பனிவிளிம்புகூட நிமிர்ந்து மலைத்தொடராகத் தெரியும். 1818-இல் வடதுருவக் கடலில் ஜான் ராஸ் வடமேற்குப் பாதையைத் தேடி லங்காஸ்டர் ஜலசந்திக்குள் நுழைந்தார். மூடுபனி சற்று விலகியபோது எதிரே மலைகள் வழிமறிப்பதைக் கண்டு, அவற்றுக்குக் ‘குரோக்கர் மலைகள்’ என்று பெயரும் சூட்டித் திரும்பிவிட்டார். அவர் கண்டது கானல் தோற்றம் என்பதே பொதுவான கருத்து. அந்தப் பயணத்தில் இரண்டாவது கப்பலை நடத்திவந்த வில்லியம் எட்வர்ட் பேரி, அடுத்த ஆண்டே திரும்பி வந்து, அந்த ‘மலைகள்’ இருந்த இடத்தின் வழியாகவே மேற்கே கப்பலைச் செலுத்தினார்.